எதிர் நாற்காலி

“மணி நாலரை. உங்க வீட்டம்மா இப்ப என்ன செஞ்சிட்டிருப்பாங்க?”

“அடுப்படியில இருப்பா.”

“அப்ப முதல்ல அடுப்பை அணைங்க. டிவியை அணைங்க. போனைத் தூக்கி எங்கயாவது போடுங்க. அப்புறம்தான் வாயைத் திறக்கணும்.”

நூலகத்தின் மாடியில் ஓர் அறை. எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் சேர்ந்து நடத்தும் இடம் அது. தமக்கு வந்திருப்பதை வீட்டில் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள் இங்கே வந்து சொல்லிப் பழகுவார்கள். கேட்பதற்கு ஒருவர் எதிரே உட்காருவார்.

இன்று எதிரே இருந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். எல்லோருக்கும் அவர் கண்டக்டரம்மா. சொல்ல வந்தவருக்கு ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் வேலை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார்.

“நான்தான் உங்க வீட்டம்மா. சொல்லுங்க.”

“நீ பயப்படாத.”

“பயந்துட்டேன். வேற?”

“டாக்டர் என்ன சொல்றார்னா, இப்பல்லாம் இதுக்கு எவ்வளவோ மருந்து வந்திருக்காம். நம்ம மேஸ்திரியோட மச்சான்கூட...”

“ஊரைச் சுத்துறீங்க. இறங்க வேண்டிய ஸ்டாப் எப்பவோ போயிடுச்சு.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவ தாங்க மாட்டாம்மா. ஒரு தடவை லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. என் மணிக்கட்டை அவ பிடிச்ச பிடியில நகம் பதிஞ்சது. ஒரு வாரம் மறையல.”

“இங்க வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அவ தாங்க மாட்டா, அவர் தாங்க மாட்டார், அம்மா தாங்க மாட்டாங்க. தாங்குறவங்க வீட்டுக்கெல்லாம் இது வர்றதே இல்லபோல.”

“சந்தேகம் வந்துடுச்சுன்னு நினைக்கிறேன். கொஞ்ச நாளா முகம் கொடுத்துப் பேசுறதில்ல. ராத்திரி எழுந்து உட்கார்ந்துக்கிறா. நான் தூங்குற மாதிரி படுத்திருக்கேன்.”

“ஆபரேஷன் என்னைக்கு?”

“திங்கட்கிழமை. நாளைக்கே வந்து படுக்கச் சொல்லிட்டாங்க. வெளியூர்ல வேலைன்னு சொல்லிட்டுப் போயிடலாமான்னு பார்த்தேன்.”

“வயித்துல தையலோட திரும்பி வந்து என்ன சொல்வீங்க? கண்ணாடி கீறிடுச்சுன்னா?”

அவருக்குச் சிரிப்பு பாதி வந்து நின்றது.

“கண்ணாடியை எப்படி வெட்டுவீங்க?” என்றார் கண்டக்டரம்மா.

“ஒரே கோடு. அதே கோட்டுல இன்னொரு தடவை இழுத்தா தெறிச்சிடும்.”

“இதுவும் அப்படித்தான். ‘எனக்கு’ன்னு தொடங்குங்க. எனக்குப் புற்றுநோய் வந்திருக்கு. சிகிச்சை இருக்கு. இப்ப நீ பேசு. அவ்வளவுதான். மேல ஒரு வார்த்தை கிடையாது.”

அவர் தம்ளரை நோக்கிக் கையை நீட்டினார்.

“அது கேக்குறவங்களுக்கு. சொல்றவங்க தொடக் கூடாது.”

முதல் முறை ‘எனக்கு’ என்பதோடு நின்றுவிட்டார். இரண்டாம் முறை நோயின் பெயர் வரவில்லை. அதற்கடுத்த முறை முழுதாகச் சொல்லிவிட்டார்.

கண்டக்டரம்மா பதில் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றியது. கண்ணாடிக்காரரின் முகத்தையே பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

“ஏம்மா ஒண்ணும் பேசாம இருக்கீங்க?”

“அவங்க பேசாம இருந்தா என்ன செய்வீங்க? காத்திருக்கணும். அதுதான் இருக்கிறதுலயே கஷ்டம்.” எழுந்து அவர் தோளைத் தட்டினார். “போயிட்டு வாங்க. நேரா வீட்டுக்கு. நடுவுல எங்கயும் இறங்காதீங்க.”

வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சிக்னலில் நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள். மாடிப்படி ஏறும்போது, மனைவி வீட்டில் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. கடைக்கு, பக்கத்து வீட்டுக்கு, எங்கேயாவது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

உள்ளே சத்தமே இல்லை. டிவி அணைந்திருந்தது. எந்தச் சமையல் வாசனையும் வரவில்லை. எட்டிப் பார்த்தார். அடுப்பு குளிர்ந்து கிடந்தது.

அணைக்கிற வேலை மிச்சம் என்று நினைத்தார். இனி தண்ணீர் மட்டும்தான் எடுத்து வைக்க வேண்டும்.

மனைவி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி, முட்டி இடிக்கும் தூரத்தில். பக்கத்தில் முக்காலி. அதன் மேல் ஒரு தம்ளர் தண்ணீர், காலி நாற்காலியின் பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார். ‘எனக்கு’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கை நீண்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் அழுந்தியது.

“எனக்குப் புற்றுநோய் வந்திருக்கு. சிகிச்சை இருக்கு. இப்ப நீங்க பேசுங்க.”