இரண்டாவது கிடார்

“உன் வீட்டுக்காரர் எப்பவாவது வாசிப்பாரா, இல்லை ராத்திரி வரைக்கும் இப்படியே காய் நறுக்கிட்டு இருப்பாரா?” என்றாள் அக்கா.

“சும்மா இரு, அக்கா. கடைசிப் பாட்டுல பாரு” என்றாள் தங்கை.

மேடையில் நாலு பேர். ஒரு வயலின், இரண்டு கிடார், ஆளுயரத்துக்கு ஒரு டபுள் பாஸ் வாத்தியம். ஐரோப்பாவின் பழைய ஸ்விங் ஜாஸ். ட்ரம்ஸ் கிடையாது. அந்த வேலையும் இரண்டாவது கிடாரின் தலையில்தான். சக், சக், சக், சக் என்று தாளத்தை விடாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவள் கணவர் அதைத்தான் செய்கிறார்.

இன்றுதான் முதல் தடவையாக அவருக்குத் தனி வாசிப்பு. மூன்று மாதமாகச் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து பழகியிருந்தார். அவள் தபால் ஆபீஸில் ஒருத்தர் விடாமல் சொல்லி, மூன்றாவது வரிசையை நிரப்பியிருந்தாள்.

கடைசிப் பாட்டு வந்தது. பாதியில் முதல் கிடார்காரர் திரும்பி, ‘நீங்க’ என்று தலையசைத்தார்.

அவள் கணவர், தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயலின்காரரை ஒரு பார்வை பார்த்தார். ‘வேண்டாம்’ என்று தலையாட்டிவிட்டு, பழையபடி வெட்டிக்கொண்டே இருந்தார். முதல் கிடார்காரரே அந்த இடத்தையும் வாசித்துச் சமாளித்தார். வயலின் வந்து சேர்ந்ததும் அரங்கமே எழுந்து நின்றது.

“பயந்துட்டாரு, பாவம்” என்றாள் அக்கா.

அவள் விறுவிறுவென்று மேடைக்குப் பின்னால் போனாள். அக்காவும் கூடவே.

“ஆபீஸே வந்து உட்கார்ந்திருக்கு. நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? மூணு மாசம் வாசிச்ச கைக்கு இன்னைக்கு என்ன வந்துச்சு?”

“வரலை. விடு” என்றார், கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே.

“பயம்னு சொல்லுங்க!”

“மெதுவா பேசு.”

“எதுக்கு மெதுவா? அண்ணே, நியாயத்தை நீங்களே கேளுங்க!”

இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு வில்லைத் துடைத்துக்கொண்டிருந்த வயலின்காரர் திரும்பவில்லை. “அண்ணே!” என்று கத்தினாள். அப்போதும் திரும்பவில்லை.

கணவர் போய் அவர் தோளைத் தொட்டார். திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“சொல்லிடறேன்ப்பா” என்றார், தேவைக்கு மேல் சத்தமாக. “தங்கச்சி, ஒரு காது போன வருஷமே போச்சு. இன்னொண்ணு இந்தப் புதன்கிழமை. என் வயலின் மட்டும் தாடை எலும்பு வழியா எனக்குக் கேக்கும். மத்தவங்க எங்க வாசிக்கறாங்கன்னே தெரியாது. இவர் கிடார்ல என் முழங்காலை ஒட்ட வெச்சுக்கிட்டு, அந்த அதிர்வுலதான் இன்னைக்கு வாசிச்சேன். இவர் தனியா வாசிக்கப் போய் அந்தத் தாளம் நின்னிருந்தா, நானும் நின்னிருப்பேன். ‘உன் முறையை விடாதே’ன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலை. இது வெளியில தெரிஞ்சா அப்புறம் என்னை யாரும் மேடை ஏத்த மாட்டாங்கம்மா.”

அவள் கிடார் பெட்டியை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வெளியில அத்தனை பேரும் நிக்கறாங்களேடி. கேட்டா என்ன சொல்லப் போறே?” என்று அக்கா கிசுகிசுத்தாள்.

“பயந்துட்டாருன்னு சொல்றேன்” என்றாள் அவள். தலை நிமிர்ந்து, கணவருக்கு முன்னால் நடந்தாள்.