வலது கன்னத்து மச்சம்

"அவ சிரிச்சா வலது கன்னத்து மச்சமும் சேந்து சிரிக்கும்லே," என்றான் பூபாலன்.

சலூன் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கி விடவில்லை. "இடது கன்னம்லே. நேத்துதான் தியேட்டர்ல பாத்தேன். நீ செல்லுல பாத்தது திருட்டுப் படம். மாட்டிக்கிடக் கூடாதுன்னு இடம் வலமாத் திருப்பிப் போட்டிருப்பானுவ."

பூபாலன் திரும்பி, பின்சுவரில் ஒட்டியிருந்த அந்த நடிகையின் படத்தைப் பார்த்தான். மச்சம் இடது கன்னத்தில்தான் இருந்தது. யாரோ ஒருத்தி போலிருந்தாள். குழம்பிப்போய் எதிர்க் கண்ணாடியைப் பார்த்தான். அங்கே அவனுக்குத் தெரிந்த அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் இசக்கியின் வகிடு பக்கம் மாறி, அவன் யாரோ போலாகியிருந்தான். தன் முகம் மட்டும் எப்போதும் கண்ணாடியில் பார்ப்பது போலவே இருந்தது.

"இசக்கி," என்று மெதுவாகக் கேட்டான். "நான் எப்படிலே இருப்பேன்?"