விருது மேடையில் ஒலித்த அலாரம்

சுவாச சிகிச்சைப் பிரிவின் தலைவர் மேடையில் நிற்கிறார். தலைமைப் பண்புக்கும் தொண்டுக்குமான கண்ணாடி விருது அவர் இடக்கையில் விளக்கொளியை வாங்கிச் சுவரெல்லாம் சிதறடிக்கிறது. அரங்கு முழுக்க அவரிடம் தொழில் பழகியவர்கள். கடைசி வரிசையில் நண்பனோடு இருக்கும் ஒருவனும் அப்படிப் பழகியவன்தான். போன மாதம் ஃபோனில் பேசுவதற்காக வென்டிலேட்டர் அலாரத்தின் சத்தத்தைப் பொத்தானை அழுத்தி அடக்கிவிட்டுத் தலைவர் வெளியே போனார். அந்த நேரம் பார்த்துக் குழாய் கழன்றது. யார் காதிலும் விழவில்லை. படுக்கையில் மூச்சு நின்று இறந்தவள் அவன் மனைவி. "நோயாளியோட மூச்சுதாங்க நமக்கு சாமி," என்கிறார் தலைவர். கைதட்டல் எழுகிறது. "வாய் கூசாம எப்படிடா பேசுறாரு?" என்று பக்கத்து நண்பன் பல்லைக் கடிக்கிறான். "பேசட்டும் மாப்ள, நல்லா பேசட்டும்," என்றபடியே அவன் தன் ஃபோனில் பதிந்து வைத்திருக்கும் அதே அலாரத்தை ஒலிக்க விடுகிறான். அரங்கே துள்ளி எழுகிறது. பழகிய கண்கள், அங்கே இல்லாத படுக்கையைத் தேடுகின்றன. தலைவர் மட்டும் திரும்பவில்லை, பேச்சும் நிற்கவில்லை. அவருடைய கட்டைவிரல் தானாக நீண்டு, மைக் மேசையின் வெறும் மரத்தை அழுத்துகிறது. சத்தம் அடங்காததால் இன்னொரு முறை அழுத்துகிறது. எழுந்து நிற்பவர்கள் ஒவ்வொருவராக அந்த விரலைப் பார்க்கிறார்கள். கடைசியாக அவரும் பார்க்கிறார்.