ஒருவர்கூடச் சாகவில்லை

வானம் கிழிந்துகொண்டிருந்தது. இரண்டு உலகங்கள் மோதிக்கொள்ள, இரண்டு உலகத்து சூப்பர் ஹீரோக்களும் மேலே உயிரைக் கொடுத்துப் போராடினார்கள்.

சாப்பாட்டு மேசைக்கு அடியில் கணவனும் மனைவியும் பதுங்கியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் கண்ண இறுக்கி மூடிக்கோங்க!" என்று கணவன் கத்தினான்.

பளீரென்று ஒரு வெளிச்சம். பிறகு சத்தமே இல்லை.

தொலைக்காட்சி பேசியது: "நம் ஹீரோக்கள் வென்றுவிட்டார்கள்! இனி ஒரே உலகம், ஒரே வரலாறு. உங்கள் கடந்த காலம் கொஞ்சம் மாறியிருக்கலாம். நினைவும் அதற்கேற்ப மாறியிருக்கும். ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை."

"அப்பாடா! தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. நல்லவேளை, நமக்குப் புள்ளகுட்டி இல்ல. இருந்திருந்தா எப்படி மிரண்டிருக்கும்!" என்றான் கணவன்.

அவள் மேசைக்கு அடியிலிருந்து நகரவே இல்லை.

"அதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் என்ன பயம்?"

"உயிருக்குப் பயந்து ஒளிஞ்சவங்க ஒட்டிக்கிட்டுத்தானே இருப்பாங்க? நமக்கு நடுவுல ஏங்க இவ்ளோ இடம்?"

அவன் பார்த்தான். இருவர் கைகளும் வெறும் காற்றை அணைத்தபடி இருந்தன.

மெல்ல அந்த இடத்தைத் தொட்டான். ஒரு சின்னக் குழந்தை உட்காரும் அளவு இடத்தில் மட்டும், தரை இன்னும் கதகதப்பாக இருந்தது.