கோரஸ்

புதுக்குரல்களை வளர்க்கவென்றே பெரிய இசை நிறுவனம் ஒன்று தொடங்கிய லேபிளில், புளியந்தோப்பிலிருந்து ராப் பாட ஜெபசீலியை எடுத்திருந்தார்கள். முதல் பாட்டு, மலக்குழிக்குள் இறங்கிச் செத்துப்போன அவள் அண்ணன் ஆரோனைப் பற்றியது. துணைக்கு வந்த அம்மா அற்புதம், மைக் இருந்த அறைக்குள்ளேயே ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பெயரை ஜெபசீலி பாடியதும் அம்மா வாய்விட்டுக் கதறினாள். ஜெபசீலி பாட்டை நிறுத்தினாள்.

"நிறுத்தாத. அவங்க அழட்டும்," என்றது ஹெட்போனில் லேபிளை நடத்தும் வருணின் குரல்.

பிறகு அவளைத் தனியாக அழைத்தான். "உன் வரியெல்லாம் சுமார்தான். அந்த அழுகைய திரும்பத் திரும்ப வர்ற கோரஸா வச்சா பாட்டு எங்கயோ போயிடும்."

"அம்மாவ ஒரு வார்த்த கேக்கணும் சார்."

"கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாங்க. அப்போ பாட்டும் வராது. நீயே முடிவு பண்ணு."

ஜெபசீலி கண்ணாடி வழியே அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலி வருணிடம் சரியென்று தலையாட்டினாள்.

யார் குரலென்று தெரியாதபடி கதறலின் சுருதியை ஏற்றி, அடியில் தாளத்தைப் போட்டார்கள். பாட்டு ஊரெங்கும் ஓடியது. தெருவில் நடந்த காதுகுத்து விருந்திலும் அதைத்தான் போட்டார்கள். கதறல் வந்தபோதெல்லாம் பையன்கள் கைகளைத் தூக்கிக் கூடவே கத்தி ஆடினார்கள்.

பிரியாணித் தட்டோடு நின்ற அற்புதம் மகளிடம் கேட்டாள்: "நடுவுல அழுவுறது யாரு பாப்பா? என்னா கஷ்டமாம் அவளுக்கு?"

"அதுக்குன்னே ஆளு வச்சிருக்காங்கம்மா."

"நல்லாதான் அழுவுறா," என்றுவிட்டு அம்மா சாப்பிடத் தொடங்கினாள்.