உள்தாழ்ப்பாள்

தலையணையை மறுபடியும் மனைவியின் முழங்காலுக்கு அடியில் செருகினார் ஜெயசிங்.

கால் சுகமாக மடங்கிக் கிடந்தது. அந்தச் சுகமே ஆகாது என்று பிசியோதெரபிக்கு வரும் பெல்சி காலையில்தான் சொல்லிவிட்டுப் போனாள். தலையணை வைத்தால் ஆபரேஷன் செய்த மூட்டு அப்படியே இறுகிவிடும், அப்புறம் நடை வராது. அவர் எதிரில்தான் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.

தலையாட்டுவதற்கு என்ன குறைச்சல்.

சபையிலிருந்து பெண்கள் ஜெபிக்க வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றிப் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசையில் ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. கட்டிலுக்கு அடியில் பெட்பேன்.

"மோஷன் போச்சா அண்ணே? ஜெபக்குறிப்புல சொல்லியிருந்திய."

கேள்விகூட அவளிடம் இல்லை.

"ஸ்தோத்திரம். காலையில ரெண்டு மட்டம் போச்சு. நாந்தான் கழுவி விட்டேன். வெக்கம் என்ன, நம்ம பொஞ்சாதிதானே."

நிறத்தையும் சொன்னார்.

"இப்படி ஒரு புருசன் யாருக்குக் கெடைக்கும்!"

அவர் முகம் மலர்ந்தது. கல்யாணத்தன்றுகூட அது இப்படி மலரவில்லை. குடித்த டம்ளரை ஒரு நாளும் எடுத்து வைக்காத மனிதர்.

பெட்பேன் நாற்றத்தையாவது சகிக்கலாம். இந்தப் பேச்சின் நாற்றம் சகிக்கவில்லை.

ஒருத்தியின் பார்வை போர்வையின் நடுவில் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து வயிறு இரைந்தது. எல்லோருக்கும் கேட்டது.

ஜெயசிங் குனிந்து பெட்பேனை இழுத்தார். பெண்கள் எழுந்தார்கள்.

"நீங்க போவாண்டாம். அந்தப் பக்கம் திரும்பிக்கிடுங்க. ஒரு நிமிசந்தான்."

திரும்பிக்கொண்டார்கள்.

அவர் கை போர்வைக்கு வந்தது.

சீ.

தலையணையை உருவி எறிந்தாள். கால்களைத் தரையில் வைத்தாள். மூட்டுக்குள் யாரோ கத்தியைத் திருகினார்கள். வாக்கரைப் பிடித்து எழுந்தாள். பெல்சி தாங்கிப் பிடித்தும் அறைவாசல் வரைதான் போயிருக்கிறாள். இன்று வாசலைத் தாண்டினாள். கூடத்தைத் தாண்டினாள்.

"ஏய், விழுந்துருவ! கதவ அடைக்காத, நான் வாறேன்!"

குளியலறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள்.

கமோடில் உட்கார வேண்டுமானால் முழங்கால் மடங்க வேண்டும். சுவர்க் கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து இறங்கினாள். கண்ணில் நீர் கொட்டியது.

மடங்கியது.

வெளியே பெண்கள் போய்வருவதாகச் சொல்வது கேட்டது. பிறகு, கதவுக்கு மிக அருகில் அவர் குரல்.

"கதவத் தொற. நான் இல்லாம ஒனக்கு முடியாது."

பெட்பேன் இன்னும் அவர் கையில் இருந்தது. அதன் விளிம்பு கதவில் தட்டியது.

அவளுக்கு வேலை முடிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டாள், தன் கையாலேயே.

தாழ்ப்பாளை நீக்கவில்லை.

உட்கார்ந்தபடியே காலை நீட்டினாள். மடக்கினாள். பெல்சி சொல்லிக் கொடுத்தபடி, மறுபடியும் நீட்டினாள்.