பன்னிரண்டாவது பெயர்

“நாலு போதும்,” என்றாள் மார்லா.

கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

எங்கள் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஆட்டக்காரர்களும் பெற்றோருமாக டிவி முன்னால் தவம் கிடந்தோம். பட்டத்துக்கான பிளே-ஆஃப் ஆடப்போகும் பன்னிரண்டு கல்லூரிகளின் பெயரைத் தேர்வுக் கமிட்டி அறிவித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பன்னிரண்டாவதா, பதின்மூன்றாவதா என்பதுதான் கான்சாஸ் மாநிலம் முழுக்க அன்றைக்குப் பேச்சு. இந்த நேரத்தில் என் பெண்டாட்டிக்கு நாலு அணி போதுமாம்.

“நாலுன்னா நாம கனவுலகூட உள்ள வர முடியாது. தெரியுமில்ல?” என்றேன்.

“தெரியும்.”



பக்கத்தில் இருந்த வெர்லின் ஆரம்பித்தான். டிராக்டர் விற்பவன், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் அப்பா. “எட்டுதான் சரி. அவனவன் லீக்கை ஜெயிச்சிட்டு வரட்டும். கமிட்டி கால்ல விழுந்து வர்றவனெல்லாம் எதுக்கு?”

“யோவ், போன சனிக்கிழமை லீக் ஃபைனல்ல பந்தை எதிராளி கையில கொடுத்தது யாரு? உன் மவன்தானே? அதனாலதான் இப்ப நாமளே கால்ல விழுந்து கிடக்கோம்!” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் மகன்தான் அதிகம் சிரித்தான். வெர்லின் கையிலிருந்த இலவங்கப்பட்டை ரொட்டியைப் பிய்த்து என்மேல் எறிந்தான்.

என் கணக்கு பதினாறு. முதல் நாலு இடத்துக்காரர்களுக்கு ஒரு சுற்று ஓய்வு என்பதெல்லாம் சுத்தப் பித்தலாட்டம். எல்லோரும் முதல் சுற்றிலிருந்தே ஆடட்டும். தெற்கத்திக்காரர்கள் டிசம்பரில் இங்கே வந்து, எங்கள் காற்றில் விரலை ஊதிக்கொண்டே பந்தைப் பிடிக்கட்டும், பார்க்கலாம்.

இதை எழுந்து நின்றே சொன்னேன். காலையிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. தட்டில் இருந்த சில்லிக் குழம்பு ஆறி ஆடை கட்டிவிட்டது.

எங்கள் மகன் கோல்பிக்கு இது கடைசி வருஷம். ஓடி வருகிறவனை நேருக்கு நேர் முட்டிச் சாய்ப்பது அவன் வேலை. அதில் அவன் கெட்டிக்காரன். ஆனாலும் தொழில்முறை அணி எதுவும் அவனைக் கூப்பிடப் போவதில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்றைக்குப் பெயர் வராவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றி வைக்க வேண்டியதுதான். சின்னப் பையனாக ஆட ஆரம்பித்ததிலிருந்து அவனுடைய ஒரு ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. எனக்கு இன்னும் ஒன்று வேண்டும். ஒன்றே ஒன்று.

மார்லாவுக்கு என்ன வந்ததென்றே புரியவில்லை. போன வருஷம் பதினாறு வேண்டும் என்று என்னைவிடச் சத்தமாகக் கத்தியவள் இவள். இந்த வருஷம் எங்கே போனாலும் கோல்பி பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு உட்காருகிறாள். “அம்மா பிள்ளை” என்று கூட்டாளிகள் கிண்டல் செய்தால்கூட அவன் சிரித்துக்கொண்டு சும்மா இருக்கிறான்.

பதினொரு பெயர் வந்துவிட்டது. எங்கள் பெயர் இல்லை.

விளம்பரம் போட்டார்கள். பாவிகள், அந்த நேரம் பார்த்து.

வெர்லின் என் தோளைப் பிடித்துக்கொண்டான். வாயில் எட்டு என்றவன் இப்போது கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தான்.

பிறகு திரையில் எங்கள் கல்லூரிக் கொடி வந்தது.

கூரை பிய்த்துக்கொண்டு போகாதது ஆச்சரியம். நாற்காலிகள் உருண்டன. யாரோ என்மேல் விழுந்தார்கள், நான் யார்மேலோ விழுந்தேன். கோல்பி கூட்டாளிகளோடு கட்டிப்பிடித்துக் குதித்தான், அழுதான். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஒருவழியாக எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிவியில் வேறு ஏதோ அணியைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள்.

கோல்பி மார்லா பக்கம் சாய்ந்தான்.

“அம்மா, நம்ம பேரை இன்னும் சொல்லலையா?”

நான் சிரித்துவிட்டேன். நல்ல நக்கல் என்று அவன் முழங்காலில் தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தான், நகத்தைக் கடித்தபடி.

மார்லா முகத்தில் ஆச்சரியம் எதுவுமில்லை. மணி கேட்டால் சொல்வது மாதிரி சொன்னாள். “சொல்லிட்டாங்க கண்ணா. வந்துட்டோம்.”

“நிஜமாவா!”

துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். கூடம் முழுக்க அவனோடு சேர்ந்து இன்னொரு முறை கத்தியது. வெர்லின் மேசைமேலே ஏறிவிட்டான்.

நான் மார்லா காதருகே குனிந்தேன்.

“எப்பலேருந்து?”

“செப்டம்பர். ஒவ்வொரு ஆட்டத்துலயும் முட்டுறான், மறதி கூடுது.” அவள் கை தட்டிக்கொண்டே பேசினாள், கூடத்தைப் படம் பிடிக்க வந்திருந்த கேமராக்காரன் எங்கள் பக்கம் திரும்பியிருந்தான். “இன்னிக்கோட முடிஞ்சிரும்னு இருந்தேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்,” என்றாள் மார்லா. “முக்கியமா உங்கிட்ட.”